எல்லையில் நில்லாத பஸ்

திண்டிவனம் பக்கத்துப் பிரம்மதேசத்திலிருந்து புதுவைக்குக் கோஷ்டியாக உல்லாசப் பிரயாணம் புறப்படுவோர், மரக்காணம் சென்று கடற்கரைச் சாலையைப் பிடித்தால், ஒரே காலையில் மூன்று முறை எல்லை தாண்டுகின்றனர். கனகசெட்டிகுளத்தில் புதுவைப் பிரதேசம் வருகிறது. காலாப்பட்டு கழிந்ததும் மீண்டும் தமிழ்நாடு. கோட்டக்குப்பம் முடிந்ததும் மறுபடியும் புதுவை. பஸ் எங்கும் நிற்பதில்லை. உடன் வரும் வழிகாட்டியும் வாய் திறப்பதில்லை. மதுக்கடைப் பலகைகளைக் கண்டு பிரயாணிகள் தாமே எல்லையை ஊகித்துக்கொள்கிறார்கள்!

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் சிறிது சிறிதாகச் சேர்த்த கிராமங்களே இன்றும் தமிழ்நாட்டுக்கு நடுவே தீவுகளைப்போல் சிதறிக் கிடக்கின்றன. இன்று நம்மை ஒருவரும் தடுப்பதில்லை. ஆனால் இதே எல்லை ஒரு காலத்தில் மனிதரின் விதியை நிர்ணயித்தது. 1908-இல் "இந்தியா" பத்திரிகையின்மீது ஆங்கில சர்க்காரின் கை விழுந்தபோது பாரதியார் இதைக் கடந்தே தப்பினார். பத்திரிகையும் புதுவையிலிருந்து வெளிவந்தது. ஆங்கில ஆட்சிப் பகுதிக்குள் அது வராதபடி சர்க்கார் தடுக்கவே, 1910-இல் நின்றுபோயிற்று. அச்சுக்கூடம் வைத்துப் பிழைக்கும் நாம் இதை எளிதில் மறக்க இயலாது. பத்து வருஷம் கழித்து, 1918 நவம்பரில், அவர் எல்லையைக் கடந்து கடலூர்ப் பக்கம் வந்தவுடன் கைது செய்யப்பட்டார்.

1947-இல் நாடு விடுதலை பெற்ற பின்னும் ஏழு வருஷம் இவ்வெல்லை நீடித்தது. முடிவு நேர்ந்தது வில்லியனூருக்கு அப்பாலுள்ள கீழூர் என்னும் சிற்றூரில். 1954 அக்டோபர் 18-ஆம் தேதி மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி வாக்களித்தனர். இந்தியாவுடன் இணைய 170 பேர் இசைந்தனர். எட்டுப் பேர் மறுத்தனர். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டபூர்வமான மாற்றத்துக்கோ 1962 ஆகஸ்டு 16 வரை காத்திருக்க நேர்ந்தது. கீழூரில் நினைவுச் சின்னம் உண்டு. ஆண்டுதோறும் அந்நாளில் அரசினர் கொடியேற்றுகின்றனர். மற்ற நாட்களில் அங்கு செல்லும் உல்லாச பஸ்கள் மிகச் சிலவே என்பது நமது அபிப்பிராயம்.

விடுமுறைக்கு வந்தவனிடம் சரித்திரப் பாடம் படிக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். படிக்கவே செய்கிறார்களே! பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சள் சுவர்களையும் டூப்ளேயின் சிலையையும் காட்டி, ஆண்டவர்களின் சரித்திரத்தை மணிக்கணக்கில் உரைக்கிறார்கள். அதே பட்டணத்தில் ஈசுவரன் தருமராஜா கோவில் தெருவிலுள்ள பாரதியார் இல்லத்துக்கோ அவசரமாகக் கால்மணி நேரம் கிடைத்தால் பெரிது. ஆளப்பட்டவர் என்ன செய்தார் என்பதைக் கேளாமலே பிரம்மதேசத்துப் பிள்ளை வீடு திரும்புகிறான். இதில் பிரயாணிகளைக் குறை கூற மாட்டோம். கட்டணம் வாங்கிக்கொண்டு வழிகாட்ட ஒப்புக்கொண்டவர்களின் கடமை இது.

புதுவைச் சுற்றுலா இலாகாவை நாம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கனகசெட்டிகுளத்திலும் கோரிமேட்டிலும் எல்லையின் வரலாறு எழுதிய கற்பலகை ஒவ்வொன்று நாட்டட்டும். பஸ் ஐந்து நிமிஷம் நிற்க இடம் விடட்டும். கோஷ்டிப் பிரயாணம் நடத்துவோர் விழுப்புரம் வழியாகத் திரும்பும் நாளிலாவது வில்லியனூரிலிருந்து கீழூருக்கு வண்டியைத் திருப்பட்டும். அடுத்த ஆகஸ்டு 16-க்கு முன் இவ்வளவும் செய்ய அவகாசம் இருக்கிறது.