தொலைந்தது சீட்டா, நூலா?

"மூன்று நாள் வேலை போயிற்று!" என்று நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் தலையில் கைவைப்பதுண்டு. அவர்கள் 'கிட்' என்னும் பதிப்புக் காப்பு நிரலைப் பயன்படுத்துவோராயின், அவ்வளவு விரைவில் மனம் தளர வேண்டியதில்லை என்பேன்.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், அதன் வளர்ச்சிப் பணிக்காக 2005-ஆம் ஆண்டில் கிட்டை எழுதினார். 'கமிட்' என்று ஆணையிட்டால், நாம் சேர்த்துவைத்த கோப்புகளின் அப்போதைய நிலையை அது பதிவு செய்கிறது. உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு, வழக்கமாக 40 எழுத்து நீளமுள்ள ஓர் அடையாள எண்ணையும் தானே இடுகிறது. ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் எண் மாறிவிடும். ஆகவே பழைய பதிவின்மேல் புதியது எழுதப்படுவதில்லை; பக்கத்தில் தனியாக அமர்கிறது.

அப்படியானால், 'கிளையை அழித்துவிட்டேன்' என்பவர் அழித்தது எதை? கிளை என்பது அந்த எண்ணை எழுதிய துண்டுச்சீட்டுதான். நூலகத்தில் அட்டவணைச் சீட்டைக் கிழித்தால் நூல் அலமாரியைவிட்டு ஓடிவிடுமா? நாம் எந்தெந்தப் பதிவில் நின்றோம் என்பதை 'ரெஃப்லாக்' என்னும் நாட்குறிப்பு வரிசையாகக் குறித்து வைத்திருக்கிறது. அதில் எண்ணைக் கண்டுபிடித்துப் புதிய சீட்டு ஒட்டினால் வேலை திரும்பி வந்துவிடும். காலவரம்பு உண்டு: இயல்பான அமைப்பில், கிளையிலிருந்து விடுபட்ட பதிவுகளின் குறிப்புகள் 30 நாள் காக்கப்படும். அதன்பின் குப்பை கூட்டும்போது பதிவும் போய்விடலாம்.

இதெல்லாம் பதிந்தவருக்கு. பதியாதவர் 'ரீசெட்' ஆணையுடன் 'ஹார்ட்' என்பதையும் சேர்த்து அடித்தால், திருத்தங்கள் அழிந்தே போகும். 'ஆட்' ஆணையால் சேர்த்துவைத்ததையேனும் 'எஃப்எஸ்சிகே' கொண்டு தேடிப் பிடிக்கலாம். ஆனால் கோப்பின் பெயர் கிடைக்காது. பொறுமைசாலிகளுக்கே ஏற்ற வேலை!

ஆகையால், மீட்கும் ஆணைகளுக்கு முன் பதியும் பழக்கத்தைக் கற்பிக்க வேண்டும் என்பதே என் கருத்து. நிரல் சரியாக ஓடிய பிறகுதான் பதிய வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அரைகுறையைப் பிறர் பார்ப்பார்களே என்ற கூச்சமும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் அளவீடு பிசகினாலும் குறிப்பேட்டில் அப்போதே எழுதுகிறோமே! ஓடாத நிரலைத் தனிக் கிளையில் பதிந்து, பிறகு சீர்படுத்தினால் போயிற்று. ஆசிரியர்களும் முடிந்த நிரலுக்கு மட்டும் மதிப்பெண் தராமல், இடைப்பட்ட பதிவுகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. ரெஃப்லாக் அந்தக் கணிப்பொறிக்கே உரியது. வேறிடத்துக்கு எடுக்கும் நகலுடன் அது போவதில்லை. கோப்புறையையே அழித்தால் அதுவும் சேர்ந்து அழியும். பள்ளியின் பொதுக் கணிப்பொறியில் வேலை செய்வோர், அன்றன்றைய பதிவுகளை 'புஷ்' ஆணையால் வேறொரு கணிப்பொறிக்கும் அனுப்பிவிட்டே எழுந்திருக்க வேண்டும்.