வகுப்பறையில் வீட்டோ அதிகாரம் யாருக்கு?

கொஞ்சம் நீண்ட பதிவு. சிலருக்குக் கோபம் வரும். திட்டுவதாக இருந்தாலும் கடைசிவரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

2025 செப்டம்பர் 18ஆம் திகதி ஐ.நா. பாதுகாப்புச் சபையில் காஸா போர்நிறுத்தத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. 14 நாடுகள் ஆதரவு. அமெரிக்கா மட்டும் எதிர்ப்பு. தீர்மானம் செத்துப்போனது. இந்தப் போரில் அமெரிக்கா அப்படி வீட்டோ போட்டது அது ஆறாவது தடவை. நம் ஊர் வட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் கொதித்தன. கொதிக்கத்தான் வேண்டும். 2024 ஜனவரியில் ஹிந்த் ரஜப் என்ற சின்னப் பிள்ளை, காருக்குள் சொந்தக்காரர்களின் ஜனாஸாக்களுக்கு நடுவில் இருந்துகொண்டு போனில் உதவி கேட்டாள். அவளைக் காப்பாற்றப் போன அம்பியூலன்ஸ்காரர்களும் திரும்பி வரவில்லை. இதைக் கேட்டும் கோபம் வராதவன் மனிதனே இல்லை.

அந்தக் கோபத்தோடேயே நம் பாடசாலைக்குள் வாருங்கள்.

எட்டாம் தரத்தில் ஒரு பிள்ளை இருக்கும். திக்கித் திக்கிப் பேசும். அல்லது நிறம் கறுப்பு. அல்லது வாப்பா நடைபாதையில் வியாபாரம் செய்கிறவர். அல்லது தோட்டப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளை. அதற்கு ஒரு பட்டப்பெயர் வைத்தாயிற்று. இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டி காணாமல் போகும். புத்தகப் பை வடிகானில் கிடக்கும். இப்போது கூடுதலாக ஒன்று: மலசலகூடத்துக்குள் வைத்து எடுத்த வீடியோ இரவில் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஓடும். செய்பவர்கள் இரண்டு மூன்று பேர். மற்ற முப்பத்தைந்து பேரும் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், அல்லது கொப்பிக்குள் தலையைப் புதைத்துக்கொள்வார்கள்.

பாதுகாப்புச் சபையில் ஐந்து நாடுகளுக்கு வீட்டோ இருப்பது 1945இல் எழுதிய சாசனத்தால். நமக்குப் பிடிக்காவிட்டாலும் அது அங்கே எழுதப்பட்ட விதி. எட்டாம் தர வகுப்பில் யாருக்கும் எந்தச் சாசனமும் வீட்டோ கொடுக்கவில்லை. நாமே கொடுக்கிறோம். கட்டடத்துக்குக் காசு தந்த ஹாஜியாரின் மகனுக்குக் கொடுக்கிறோம். பள்ளி டிரஸ்டியின் பேரனுக்குக் கொடுக்கிறோம். மாகாண மட்டத்தில் ஓடிக் கிண்ணம் வாங்கி வந்தவனுக்கும், ஓ.எல்.லில் 9 ஏ எடுப்பான் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கும் பிள்ளைக்கும் கொடுக்கிறோம்.

முறைப்பாடு வந்த மறுநாள் என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நான்கு பெரியவர்கள் அதிபரின் அறைக்கு வருவார்கள். "சின்னப் பிள்ளைகள் விஷயம், பெருசாக்க வேண்டாம் ஸேர். ஊர் பேர் கெட்டுப் போகும்." வந்தவர்களுக்குக் கதிரை, தேநீர். அடிபட்ட பிள்ளையின் உம்மா கதவோரம் நிற்பார். பிறகு ஸலாம் கொடுத்துக் கைலாகு. அடுத்த தவணையில் விடுகைப் பத்திரம் வாங்கிக்கொண்டு போவது அடிபட்ட பிள்ளை. அடித்தவன் அதே மேசையில் இருப்பான். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் "சமாதானம்". காஸாவுக்கு இப்படி ஒரு சமாதானத்தை யாராவது சொன்னால் சும்மா விடுவோமா?

இது பள்ளிக்கூடத்தோடு முடிகிற விஷயம் என்றால் பரவாயில்லை. கண்டி நகரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான் பேராதனைப் பல்கலைக்கழகம். 1975இல் அங்கே ராமநாதன் விடுதியில் பகிடிவதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்த ரூபா ரத்னசீலி நடக்கும் சக்தியை இழந்தார். 2002இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1997இல் அதே பேராதனையில் பொறியியல் பீட முதலாம் வருட மாணவன் வரப்பிரகாஷ், கடுமையான உடற்பயிற்சி செய்ய வைத்து வதைத்ததில் சிறுநீரகம் செயலிழந்து மரணமானார். அதற்குப் பிறகுதான் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருடம் வரை சிறை. பாலியல் தொல்லை, கடுங்காயம் என்றால் பத்து வருடம் வரை. சட்டம் வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும், 2025 ஏப்ரல் கடைசியில் சபரகமுவ பல்கலைக்கழக மாணவன் ஒருவன் உயிரை மாய்த்துக்கொண்டான். பகிடிவதை தொடர்பாக மாணவர்கள் கைதானார்கள்.

இவ்வளவு கடுமையான சட்டம் ஏன் பல் இல்லாமல் கிடக்கிறது? சாட்சி சொல்ல ஆளில்லை. விடுதியில் ஐம்பது பேர் பார்த்திருப்பார்கள், வாக்குமூலம் கொடுக்க ஒருவரும் வரமாட்டார். கொப்பிக்குள் தலையைப் புதைக்க நாம் எட்டாம் தரத்தில் பழக்கிய பிள்ளைகள்தான் அந்த ஐம்பது பேரும்.

ஆசிரியர் சமூகத்தையும் விட்டுவைக்க முடியாது. மாத்தறைப் பக்கம் ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததில் கேட்கும் திறன் பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அரசு 5 இலட்சமும் ஆசிரியர் ஒன்றரை இலட்சமும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிரம்பால் வகுப்பை நடத்துகிறவர், பெரியவன் சின்னவனை அடிக்கலாம் என்ற பாடத்தையும் சேர்த்தே நடத்துகிறார். அதற்குப் பரீட்சை தேவையில்லை, எல்லோரும் சித்தியடைவார்கள்.

"எங்களையும்தான் அடித்தார்கள், நாங்கள் நன்றாக வரவில்லையா?" என்று கேட்பவர்களுக்கு: நன்றாக வந்தவர்கள்தான் பேசுகிறீர்கள். அடி தாங்காமல் எட்டாம் தரத்தோடு படிப்பை விட்டவர் இந்தப் பதிவுக்குக் கீழே கருத்து எழுத வரமாட்டார்.

2018 மார்ச்சை நாம் மறக்கவில்லை. திகனயிலும் தெல்தெனியவிலும் வீடுகளும் கடைகளும் பள்ளிகளும் எரிந்தன. ஓர் இளைஞன் எரிந்த வீட்டுக்குள் மௌத்தானான். நாடு முழுவதும் அவசரகாலச் சட்டம் வந்தது. அன்று நாம் கேட்டது ஒரே கேள்வி: பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஏன் தடுக்கவில்லை? முஸ்லிம்களைப் பாதுகாக்க முன்வந்த சிங்களவர்களையும் பிக்குகளையும் இன்றுவரை துஆவில் நினைக்கிறோம். ஆனால் அதற்கு முன் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். வீதித் தகராறு ஒன்றில் ஒரு சிங்கள லொறிச் சாரதி தாக்கப்பட்டு, நாட்கள் கழித்து மரணமானார். கைதானவர்கள் நால்வரும் நம் இளைஞர்கள். அதைச் சாட்டாக வைத்து ஊர்களை எரித்தது பெரும் அநியாயம், அதற்கு எந்த நியாயமும் கிடையாது. அதற்காக ஒருவரைப் பலர் சேர்ந்து அடித்தது சரியாகிவிடுமா? அநியாயம் யார் செய்தாலும் அநியாயம்தான் என்று பிள்ளைக்கு நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்?

ஒருவரை ஒருவர் பரிகாசம் செய்வதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் ஸூரத்துல் ஹுஜுராத் தெளிவாகத் தடுக்கிறது. ஜும்ஆவில் கேட்கிறோம். வெளியே வந்து செருப்பைத் தேடும்போதே ஒருவரைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம்.

கேட்பது பெரிதாக எதுவுமில்லை. முறைப்பாடு வந்தால் ஒழுக்காற்றுக் குழு முதலில் பாதிக்கப்பட்ட பிள்ளையைத் தனியாகக் கேட்க வேண்டும். அதற்கு முன் டிரஸ்டியோ பழைய மாணவர் சங்கமோ அபிவிருத்திச் சங்கமோ அதிபரின் அறைப் படியேறக் கூடாது. பார்த்ததைச் சொன்ன பிள்ளையைக் "காட்டிக்கொடுத்தவன்" என்று யாரும் அழைக்கக் கூடாது, ஆசிரியரும் கூட. செய்த பிள்ளையை ஊரைவிட்டுத் துரத்தச் சொல்லவில்லை. அவனும் பிள்ளைதான், அவன் வீட்டில் என்ன நடக்கிறது என்றும் விசாரிக்க வேண்டும். ஆனால் செய்தது தவறு என்று வகுப்பின் முன் அவனுக்குத் தெரியவர வேண்டும். பாடசாலை கேட்காவிட்டால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் இருக்கிறது. அழைத்தால் ஊர் பெயர் கெடாது. கெட்டது ஏற்கெனவே கெட்டுவிட்டது.

பல்கலைக்கழக அனுமதி கிடைத்த பிள்ளைகளின் தாய் தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. சூட்கேஸ் அடுக்கும்போது, அடுத்த வருடம் நீ யாரையும் வதைக்கக் கூடாது, வதைப்பதைப் பார்த்தால் சாட்சி சொல்ல வேண்டும் என்று வாக்கு வாங்கி அனுப்புங்கள்.

எந்தப் பாடசாலை, யாருடைய மகன் என்று இன்பொக்ஸில் கேட்க வேண்டாம். சொல்ல மாட்டோம். அதற்குப் பதிலாக இன்றிரவு சாப்பிடும்போது உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்: உன் வகுப்பில் இடைவேளையில் யார் தனியாக இருந்து சாப்பிடுகிறார்? ஏன்?