"விடு பிள்ளை" என்று விடாதீர்கள்

போன கிழமை எங்கள் ஏவன்டேல் வீட்டுக் கணினி நின்றுபோனது. வாங்கிப் பதினெட்டு மாதம். கடையின் வாரண்டி ஒரு வருஷம்தான். "விடு பிள்ளை, கடைக்காரனோட என்னத்துக்குக் கொழுவுறது?" என்றார் அப்பா. எனக்கு விட மனமில்லை. அப்போது நினைவுக்கு வந்தது இன்டெல் கதை.

2011 ஜனவரி 31 அன்று இன்டெல் நிறுவனம் தானாகவே ஓர் அறிவிப்பை விட்டது. அந்த மாதம் 9ஆம் திகதியிலிருந்து கணினிகளில் விற்பனைக்கு வந்த 'கூகர் பாயின்ட்' சிப்பில் பிழை இருக்கிறதாம். மதர்போர்டில் ஹார்ட் டிஸ்கை இணைக்க ஆறு சாட்டா போர்ட்கள் இருந்தன. அவற்றில் நான்கு, நாளாக நாளாகப் பழுதாகலாம். காரணம் ஒரு டிரான்சிஸ்டர். அதற்குக் கொடுத்த மின்னழுத்தத்தைத் தாங்க முடியாத அளவுக்கு அதன் காப்புப் படலம் மெல்லியதாக இருந்தது.

பலருக்கு அந்தப் பிழை தெரியவே வந்திருக்காது. என்றாலும் சிப்பை அனுப்புவதை நிறுத்தினார்கள், திருத்தினார்கள், மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கு 70 கோடி டாலர் செலவாகும் என்றும், விற்பனையில் 30 கோடி டாலர் குறையும் என்றும் அவர்களே கணக்குச் சொன்னார்கள்.

அதே நிறுவனம் 1994இல் இப்படி நடக்கவில்லை. பென்டியம் சிப் சில வகுத்தல் கணக்குகளைப் பிழையாகச் செய்கிறது என்று தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் கண்டுபிடித்துச் சொன்னார். தேவை என்று நிரூபிப்பவர்களுக்கு மட்டுமே மாற்றித் தருவோம் என்றது இன்டெல். வாங்கியவர்கள் விடவில்லை. அந்த டிசம்பரிலேயே, கேட்கும் எல்லோருக்கும் மாற்றித் தர ஒப்புக்கொண்டது. அதற்கு ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

ஒரு நிறுவனம் சும்மா திருந்துவதில்லை. கேட்பவர்கள் இருந்தால்தான் திருந்தும் என்பது என் எண்ணம்.

வந்த நாட்டில் பிரச்சினை வேண்டாம் என்று எங்கள் பெற்றோர் ஒதுங்கியதில் நியாயம் உண்டு. ஆனால் இங்கே பிறந்த நாங்களும் ஏன் ஒதுங்க வேண்டும்? நியூசிலாந்தில் 1993ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் இருக்கிறது. கடையில் வீட்டுப் பாவனைக்கு வாங்கிய பொருள் நியாயமான காலம் உழைக்க வேண்டும் என்கிறது அது. வாரண்டி முடிந்துவிட்டது என்பதால் அந்த உரிமை முடிந்துவிடாது. பழைய சாமான் விற்கும் வியாபாரிக்கும் அது பொருந்தும். தனியாள் ஒருவரிடம் வாங்கினால் பொருந்தாது.

சத்தம் போடத் தேவையில்லை. பிழையை எழுதுங்கள், வாங்கிய திகதியைப் போடுங்கள், என்ன வேண்டும் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

நான் கடைக்கு எழுதிவிட்டேன், பதில் இன்னும் வரவில்லை. பற்றுச்சீட்டைத் தேடியபோது அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தது யார் தெரியுமா? அப்பாதான்.