வயிற்றுக்குள் ஒரு வால்

எங்கள் பெரியப்பாவுக்கு வயது 72. அவர் "பசி இல்லை" என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. ஜுரம் வந்தால்கூட ரசம் சாதமாவது இரண்டு கரண்டி கேட்பார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் இரவு இலைக்கு முன்னால் உட்கார மறுத்துவிட்டார்.

"தொப்புளைச் சுற்றி லேசாக வலிக்கிறது. வாயுவாக இருக்கும்" என்றார். பெரியம்மா சுக்கும் ஓமமும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

விடிந்ததும் வலி இடம் மாறிவிட்டது. வலது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. பிடிப்பு என்று தைலம் தேய்த்தோம். பக்கத்து வீட்டுக்காரர், "சந்தேகமே இல்லை, மூத்திரக் கல்" என்றார். எதிர் வீட்டு மாமி, "விளக்கெண்ணெய் கொடுங்கள், சரியாகிவிடும்" என்றார். நல்ல வேளை, வீட்டில் விளக்கெண்ணெய் இல்லை!

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ஜுரம் இல்லை. வயிற்றை அழுத்தினாலும் அவர் அதிகம் முனகவில்லை. டாக்டர் அவரை இடது பக்கமாக ஒருக்களிக்கச் சொல்லி, வலது காலைப் பின்பக்கமாக மெல்ல இழுத்தார். பெரியப்பா போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடி வந்தாள். பிறகு சி.டி. ஸ்கான் எடுத்தார்கள். குற்றவாளி கல் அல்ல, குடல்வால்!

"டாக்டர், அப்பெண்டிஸைட்டிஸ் சிறு வயதுக்காரர்களுக்கல்லவா வரும்?" என்று கேட்டேன்.

"அவர்களுக்கு அதிகம் வரும். வயதானவர்களைத் தொடமாட்டேன் என்று அது சத்தியம் செய்து கொடுக்கவில்லையே" என்றார் அவர்.

பெருங்குடல் தொடங்கும் இடத்தில் தொங்கும் சிறு குழாய்தான் குடல்வால். நியூயார்க் சர்ஜன் சார்லஸ் மக்பர்னி, அது வீங்கினால் எங்கே அழுத்தினால் வலிக்கும் என்று 1889-ல் எழுதி வைத்தார். வலது இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு போட்டால், அதில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அந்த இடம் இருக்கிறது. ஆனால் வாலின் அடி ஓரிடத்தில் இருந்தாலும் நுனி எங்கே வேண்டுமானாலும் திரும்பியிருக்கலாம். குடலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் வலி விலாவிலும் முதுகிலும் தெரியும். முன்னால் குடல் மறைப்பதால் வயிற்றை அழுத்தினாலும் அவ்வளவாக வலிக்காது. தொடையை அசைக்கும் தசையின் மேல் அது படுத்திருப்பதால், காலை இழுத்தால் வலிக்கும். இடுப்புக் குழிக்குள் இறங்கியிருந்தால் நீர்க்கடுப்பு, பேதி என்று வேஷம் போடும். ஈரலுக்குக் கீழே ஏறியிருந்தால் பித்தப்பை நோய் என்றே தோன்றும்.

வயதானவர்களிடம் இன்னொரு சங்கடமும் உண்டு. அவர்களுக்கு ஜுரம் ஏறாமலே இருக்கலாம். ரத்தப் பரிசோதனையிலும் மாறுதல் அதிகம் தெரியாமல் போகலாம். வலியும் மந்தமாக இருக்கலாம். அதனால் நாள் கடத்திவிடுகிறோம். அதற்குள் வால் ஓட்டை விழுந்து, சீழ் வயிற்றுக்குள் பரவினால் உயிருக்கே ஆபத்து.

ராஜாவானாலும் இதற்குத் தப்ப முடியாது. இங்கிலாந்தின் ஏழாம் எட்வர்டுக்கு 1902 ஜூன் 26-ம் தேதி பட்டாபிஷேகம் என்று நாள் குறித்திருந்தது. இரண்டு நாள் முன்னதாக, 60 வயதான அவரை ஆபரேஷன் மேஜையில் படுக்க வைத்து, சர் பிரெடரிக் டிரீவ்ஸ் குடல்வாலைச் சுற்றிக் கட்டியிருந்த சீழை வெளியேற்றினார். ஆகஸ்ட் 9-ம் தேதிதான் கிரீடம் தலைக்கு ஏறிற்று.

ஆகவே வீட்டில் பெரியவர்கள் யாராவது பசியில்லை என்று சொல்லி, வயிற்றிலோ விலாவிலோ வலியும் சில மணி நேரத்துக்குமேல் நீடித்தால், காத்திருக்க வேண்டாம். பேதி மருந்து கொடுக்கவே கூடாது. வீங்கிய வால் அதனால் வெடித்துவிடலாம். குணமான பிறகும் டாக்டர் பெருங்குடலைச் சோதிக்கச் சொன்னால் தட்டாதீர்கள். 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சில சமயம் அங்கே ஒரு கட்டி ஒளிந்திருப்பதுண்டு.

பெரியப்பாவுக்கு அன்று மாலையே ஆபரேஷன் நடந்தது. வால் வெடிக்கும் தறுவாயில் இருந்ததாம். நாலாம் நாள் நான் பார்க்கப் போனபோது கண்ணை மூடிப் படுத்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும், "யாரடா? பெரியம்மா இன்றைக்கு என்ன குழம்பு வைத்திருக்கிறாள்?" என்றார்.

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.