பயிற்சிக்கு ரைஸ் குக்கர் போதும்

ஒரு கருவியில் என்னென்ன பாகங்கள் உள்ளன, அவை எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன, அது என்னவெல்லாம் செய்தாக வேண்டும் என்பதைப் படங்களாக வரைந்து காட்ட 'சிஸ்எம்எல்' என்றொரு மொழி இருக்கிறது. அதன் முதல் பதிப்பு 2007இல் வெளிவந்தது. பொறியியல் படிக்கும் உங்கள் பிள்ளையோ, ஏன் நீங்களோகூட அதைக் கற்றுக்கொண்டிருக்கலாம். மாதிரித் திட்டம் ஒன்று செய்யுங்கள் என்றதும் பலர் செயற்கைக்கோள், ஆளில்லா விமானம் என்று கிளம்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அம்மொழியின் அதிகாரபூர்வ ஆவணத்தில் உள்ள மாதிரியே பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஒரு கார்தான்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நீங்கள் வரைந்த செயற்கைக்கோள் தவறு என்று யார் சொல்வது? ஆசிரியரும் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. கட்டங்களும் அம்புகளும் அழகாக இருந்தால் மதிப்பெண் கிடைத்துவிடும்.

உங்கள் அடுப்படியில் இருக்கும் ஒற்றைப் பொத்தான் ரைஸ் குக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். பானையில் தண்ணீர் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அரிசி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டதும் பானையின் அடி அதற்கு மேல் சூடாகும். அடியைத் தொட்டபடி இருக்கும் ஃபெரைட் துண்டு, 100 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கும். உடனே சுருள்வில் காந்தத்தை விலக்கித் தள்ள, பொத்தான் 'டக்' என்று மேலே வரும். கணினி ஏதும் இல்லை. ஆனால் பாகங்கள், வெப்ப ஓட்டம், நிலை மாற்றம், கணக்கு எல்லாம் இதில் உண்டு.

முதலில் தேவையை எழுதுங்கள். 'சோறு நன்றாக வேக வேண்டும்' என்று எழுதினால் அதை எப்படிச் சோதிப்பது? 'தண்ணீர் வற்றியதும் கொதிக்கவைப்பது தானாக நிற்க வேண்டும்' என்று எழுதிப் பாருங்கள். இப்போது அதை நிறைவேற்றும் பாகம் எது, மெய்ப்பிக்கும் சோதனை எது என்று கோடு போட்டு இணைக்கலாம். இம்மொழியின் உயிரே அந்தக் கோடுகள்தாம் என்பேன். முதல் தலைமுறைப் பதிப்புகளில் 9 வகை வரைபடங்கள் உண்டு. இந்தக் குக்கருக்குத் தேவை, பாகங்கள், நிலைமாற்றம், அளவுக் கணக்கு என நான்கே போதும். ஒன்பதையும் நிரப்பியே ஆக வேண்டும் என்பது பாடத்திட்டத்தின் ஆசை, குக்கரின் ஆசை அல்ல.

வரைந்து முடித்ததும் அதே குக்கரில் கஞ்சி வையுங்கள். எங்கள் வீட்டில் வைத்தபோது மூடியைத் தூக்கிக்கொண்டு பொங்கி மேசையெல்லாம் வழிந்தது. பொத்தான் மட்டும் அசையவே இல்லை. தண்ணீர் வற்றவில்லையே, அது ஏன் அசையும்? குக்கர் தன் தேவையைச் சரியாகவே நிறைவேற்றியது. 'பொங்கி வழியக் கூடாது' என்ற தேவை என் படத்தில் எங்குமே இல்லை. செயற்கைக்கோளை வரைந்திருந்தால் இந்த ஓட்டை எனக்குத் தெரிந்தே இருக்காது.

இப்போது அந்தத் தேவையைச் சேர்த்து, எத்தனை கட்டங்களை மாற்ற வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டு என்றால் உங்கள் மாதிரி தேறிவிட்டது. எல்லாவற்றையும் அழித்து வரைய வேண்டியிருந்தால், பாகங்களைப் பிரித்த விதத்தில்தான் கோளாறு. அடிப்பாகத்தைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வந்தால், பழுதாகிப் பரணில் கிடக்கும் குக்கரைத் தேடுங்கள். சமையல் நடக்கும் குக்கரைத் தொடுவதாக இருந்தால் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.