பறவைப் பக்கம்: எண்ணிப் பார்த்தீர்களா?

சென்ற இதழில் இப்பக்கத்தில் நேலப்பட்டுக் குளத்தைப் பற்றி எழுதுகையில், “ஆயிரக்கணக்கான கூழைக்கடாக்கள் மரங்களில் அமர்ந்திருந்தன” என்று குறித்திருந்தோம். இதழ் வெளிவந்த மறுநாள், தடாவில் குடியிருக்கும் அன்பர் ஒருவரின் மகள், ஆறாம் வகுப்பு மாணவி, நம்மை ரயில் நிலையத்திலேயே கண்டு, “மாமா, நீங்கள் எண்ணிப் பார்த்தீர்களா?” என்று கேட்டாள். நாம் எண்ணவில்லை. அன்று கண்டது பெருங்கூட்டம் என்பது மெய். ஆயிரம் என்பது நம் பேனா தானே சேர்த்துக்கொண்டது. ஆகவே அச்சொல்லை இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.

பயணச்சீட்டுக் கணக்கில் பத்து ரூபாய் குறைந்தால் கைப்பணத்தைக் கொண்டு ஈடுசெய்யும் உத்தியோகம் நம்முடையது. அத்தகைய நாம் பறவைக் கணக்கில் மட்டும் தாராளம் காட்டியது நியாயமன்று.

நிற்க. கார்த்திகைக் கடைசி ஞாயிறன்று, ஸ்ரீ சிட்டித் தொழிற்சாலைகளில் பணிபுரியும் நம்மவர் குடும்பங்கள் சில, கட்டுச்சோற்று மூட்டைகளுடன் தடாவில் ரயிலேறி, சூலூர்ப்பேட்டையைக் கடந்து தொரவாரி சத்திரத்தில் இறங்கினோம். இரவுப் பணி முடிந்து உறங்காமலே வந்தவர் இருவர். இம்முறை நோக்கம் ஒன்றே: பார்த்துவிட்டுத் திரும்புவதன்று, எண்ணிவிட்டுத் திரும்புவது.

நேலப்பட்டு 1976-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. ஏறத்தாழ 458 ஹெக்டேர் பரப்புள்ள அவ்விடத்தில் குளத்து நீரிலேயே நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள்தாம் பறவைகளுக்கு வீடு. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், வக்கா, நீர்க்காகம் ஆகியவை அங்கே கூடு கட்டுகின்றன. கூழைக்கடாவின் இரைக்களம் பழவேற்காட்டு ஏரி. வீடு ஓரிடம், பிழைப்பு ஓரிடம் என்னும் வாழ்க்கையை நம் அன்பர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. தெலுங்கர் இதனைக் ‘கூடபாத்து’ என்பர். நம் பிள்ளைகள் இரண்டு பெயரையும் அறிந்திருக்கின்றனர். பெரியவர்களாகிய நம்மில் பலர் ஒன்றையும் அறியாதிருந்தோம்.

முதலில் ஒரே மரத்தைக் குறித்துக்கொண்டு அனைவரையும் தனித்தனியே எண்ணச் சொன்னோம். ஒருவர் நாற்பது என்றார். ஒருவர் பத்தொன்பது என்றார். கேள்வி கேட்ட சிறுமி இருபத்து மூன்று என்றாள். மறுமுறை எண்ணினோம். மூன்றாம் முறை எண்ணுகையில் தாய்ப்பறவை ஒன்று எழுந்து நகர, அதன் இறகடியிலிருந்து குஞ்சு ஒன்று தலை நீட்டியது. கணக்கு இருபத்து நான்காயிற்று. நாற்பது என்ற அன்பர் வாய்விட்டுச் சிரித்து, “நான் மரத்தைப் பார்த்தேனேயன்றிப் பறவையைப் பார்க்கவில்லை” என்று ஒப்புக்கொண்டார்.

பெருங்கூட்டத்தை எண்ணும் முறை இது: முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுக. அப்பத்தும் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்பதை மனத்தில் பதித்துக்கொள்க. பின்னர் அதே அளவினால் கூட்டம் முழுவதையும் பத்துப் பத்தாக அளந்து செல்க. இருவர் தனித்தனியே எண்ணி, தொகை மிகவும் வேறுபட்டால் மீண்டும் எண்ணுக. பறந்து போவதைக் கணக்கில் சேர்த்தால், அது திரும்பி வந்து அமர்ந்த பின் மறுபடியும் சேர்த்தல் கூடாது.

இவ்வாறு எண்ணியபோது, நாம் நின்ற கரையிலிருந்து கிடைத்த தொகை ஆயிரத்துக்கு வெகு குறைவே. அப்பால் உள்ள மரங்கள் கண்ணுக்குப் புலப்படவில்லை என்பதையும் ஏட்டில் எழுதிக்கொண்டோம்.

இத்துணைச் சிரமம் எதற்கு என்று அன்பர் சிலர் கேட்கலாம். இதே ஆந்திரத்தில் கொல்லேறு ஏரிப் பகுதியில் கூழைக்கடாக்களின் கூட்டம் ஒன்று கூடு கட்டி வாழ்வதை 1946-ஆம் ஆண்டில் கே. கே. நீலகண்டன் கண்டறிந்தார். ‘கேரளத்திலே பட்சிகள்’ என்னும் மலையாள நூலைப் பின்னாளில் எழுதிய அறிஞர் அவர். அன்று அங்கே கூடு கட்டியிருந்தவை சுமார் 3000 பறவைகள். 1975-ஆம் ஆண்டையொட்டி அக்குடியிருப்பே இல்லாதொழிந்தது. அக்கணக்கு ஏட்டில் இருப்பதனால் அல்லவோ போனது எவ்வளவு என்று இன்று நமக்குத் தெரிகிறது? வெறுமனே ‘ஏராளம்’ என்று எழுதப்பட்டிருப்பின், இழப்பும் வெறும் பேச்சாகவே போயிருக்கும். நேலப்பட்டுக்கு அந்நிலை வாராதிருக்க வேண்டுமாயின், ஆண்டுதோறும் மெய்யான கணக்கு வேண்டும். மிகைப்படுத்திய கணக்கோ பறவைக்குத் தீங்கே செய்யும். குறைந்து வருவதை அது மறைத்துவிடும்.

ஆசிய நாடுகள் பலவற்றில் 1987 முதல் ஆண்டுதோறும் சனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. தமிழ்நாட்டில் 2015-ஆம் ஆண்டு முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நிகழ்கிறது. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டா. ஓரிடத்தில் கால் மணி நேரம் நின்று, கண்ட பறவைகளையும் அவற்றின் தொகையையும் எழுதி, ‘இ-பேர்ட்’ என்னும் இணையப் பதிவேட்டில் சேர்த்தால் போதும். பொங்கலுக்குச் சொந்த ஊர் செல்லும் குடும்பங்கள் தத்தம் ஊர் ஏரிக்கரையில் பிள்ளைகளுடன் ஒரு கால் மணி நேரம் செலவிடுமாறு வேண்டுகிறோம். காக்கையும் மைனாவும் கணக்கில் சேர்ந்தவையே.

பொங்கல் கழிந்த முதல் ஞாயிறன்று, சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலையோரம் நின்று பூநாரைகளைப் பார்க்க எண்ணியுள்ளோம். ஏரியை ஊடறுத்துச் செல்லும் அச்சாலையில் வண்டிகள் விரைந்து வரும்; சிறுவர்களைக் கைப்பிடியில் வைத்திருத்தல் அவசியம். பறவையைப் பறக்கவிட்டுப் படம் பிடிப்பதற்காக எவரும் கைதட்டவோ கல்லெறியவோ கூடாது. இரைதேடும் பறவையை எழுப்பிவிடுவது உண்பவனை இலையிலிருந்து எழுப்புவதற்கு ஒப்பாகும்.

இனிக் குழுவின் கணக்கேடு நம் பொறுப்பில் இராது. அதனை அந்த ஆறாம் வகுப்புச் சிறுமியிடம் ஒப்படைத்துவிட்டோம். அவள் கையெழுத்திடாத எந்தத் தொகையும் இப்பக்கத்தில் அச்சேறாது என்பதை அன்பர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.