நக்கண்ணையாரும் பனித்தரை வீரரும்

நள்ளிரவு கடந்தும் கைத்தொலைபேசியை ஊன்றிப் பார்த்தவண்ணம் விழித்திருக்கும் விடுதி மாணவியைக் கண்டு, பரீட்சைக்குப் படிக்கிறாள் என மகிழும் பெரியோர் உளர். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் வாசிப்பது, அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றின் பனித்தரை ஹொக்கி அணித்தலைவனுடைய காதற் கதையாகவும் இருக்கலாம். எல் கென்னடியின் ‘த டீல்’ (2015), ஹன்னா கிறேஸின் ‘ஐஸ்பிரேக்கர்’ (2022) முதலியன இவ்வகை நாவல்கள். இவற்றை வாசிப்போரைப் பண்பாட்டுக் காவலர் ‘சீரழிந்தோர்’ என்பர்; முற்போக்காளர் ‘வணிக எழுத்தின் அடிமைகள்’ என்பர். இவ்விரு சாராரும் வேறெதிலும் ஒன்றுபட்டதை யான் கண்டதில்லை.

யான் மாங்குளத்தாள். கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் அச்சந்தியிலே பனிக்கட்டியைக் காண வேண்டின் குளிர்பானக் கடைக்குத்தான் செல்ல வேண்டும். அவ்வாறிருக்க, பனித்தரையில் சறுக்கும் அந்நிய வீரனிடம் எமக்கு என்ன ஈர்ப்பு? இவ்வினாவை எழுப்பாமலே தீர்ப்பு வழங்குவது திறனாய்வன்று, வெறும் வசை.

முதலில், ஆடுகளத்தையும் காதலையும் இணைத்தது மேனாட்டார் கண்டுபிடிப்பன்று. முல்லைக்கலியிலே ஏறு தழுவும் இளைஞரை ஆயர் மகளிர் பார்த்து நிற்கின்றனர். அதனினும் தெளிவான சான்று புறநானூற்றில் உண்டு. ஆமூர் மல்லனைப் பொருது வீழ்த்தினான் சோழன் போரவைக்கோப்பெருநற்கிள்ளி. அவன்மீது காதல் கொண்டு, பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடிய மூன்று பாடல்கள் 83, 84, 85 எனும் எண்களில் உள்ளன. தாய்க்கு அஞ்சுகிறாள், அவையோர் முன் அவனைத் தழுவ நாணுகிறாள். வென்றவன் அவனே என்று ஒரு சாராரும், அல்லன் என்று மறு சாராரும் வழக்கிட, பனைமரத்தில் சாய்ந்து நின்றவள் அவன் வெற்றியைத் தான் கண்டதாகச் சாற்றுகிறாள். இலக்கணத்தார் இதனைக் கைக்கிளை என வகுத்தனர். ஆயினும் தொகையிலிருந்து தள்ளிவிடவில்லை. வீரனைப் பெண் கண்ணாரக் காண்பதும் கண்டதை உரைப்பதும் எமக்குப் புதியன அல்ல. அவளைத் தலைகுனியச் சொல்வதே பின்வந்த வழக்கம்.

இரண்டாவதாக, இந்நாவல்கள் தரும் இன்பம் வீரனின் தோள்வலியால் மட்டும் விளைவதன்று. ‘த டீல்’ நாவலின் நாயகி முன்னர் பாலியல் வன்முறைக்கு ஆளானவள். நாயகனோ ஒழுக்கவியற் பாடத்தில் அவளிடம் உதவி நாடி வருபவன். களத்திலே எதிரியை மோதி வீழ்த்தும் அவ்வலிமை, அவள் முன்னே அவள் சொல்லுக்காகக் காத்து நிற்கிறது. பெண்ணின் சம்மதம் என்பதை எமது பாடசாலைகளில் எவர் இவ்வளவு பொறுமையாகக் கற்பித்தனர்?

என்னோடு பயின்ற ஒருத்தி வலைப்பந்தாட்டத்தில் வல்லவள். ஒருநாள் பயிற்சி முடிந்து, மைதான ஓரத்தில் உதைபந்தாட்ட வீரனொருவனுடன் சிறிதுநேரம் நின்று பேசினாள். மறுவாரம் அவள் அணியில் இல்லை. அவன் அணியில் இருந்தான். ஆண்டிறுதியில் கேடயமும் பெற்றான். இது நிகழ்ந்த ஊரிலிருந்து வருபவள் பனித்தரைக் காதலை ஏன் வாசிக்கிறாள் என்று வினவுவோர், அம்மைதான ஓரத்தை ஒருமுறை சென்று பார்த்து வருக.

முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மையார் 2023இல், தமது 72ஆவது வயதில், பிலிப்பைன்ஸில் நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் ஓடித் தங்கம் வென்றார். அனைவரும் கொண்டாடினோம், நன்று. எழுபத்திரண்டில் ஓடுபவளைப் போற்றும் சமூகம் பதினேழில் ஓடுபவளை ஐயுறுவது ஏன்?

இந்நாவல்களில் குறையே இல்லை என்பது என் வாதமன்று. ஒரே அச்சில் வார்த்த கதைகள் பல. சோற்றுக்கும் வாடகைக்கும் அலைபவர் அவற்றில் அரியர். பெண் பார்வையாளர் ஆசனத்திலேயே இருத்தப்படுவதும் உண்டு. ‘ஐஸ்பிரேக்கர்’ நாயகியைப் போலத் தானே சறுக்கி ஆடுபவள் எல்லா நாவல்களிலும் இல்லை. ஆனால் இக்குறைகளை நீக்கும் வழி தடையன்று; மாற்று எழுத்தே.

இதற்கு எமது வரலாறே சான்று. 1970களில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில், வீரகேசரிப் பிரசுரம் ஈழத்து நாவல்களை வரிசையாக வெளியிட்டது. அவ்வரிசையில் 1973இல் வந்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ தண்ணிமுறிப்புக் காட்டிலே கதிராமனும் பதஞ்சலியும் கொண்ட அன்பைப் பேசியது. வன்னி மண்ணின் புகழ்பெற்ற அந்நாவலே காதலை மையமாகக் கொண்டதன்றோ? கட்டுப்பாடு மட்டும் போதுமாயிருந்தால் நூல்நிலையம் வெறுமையாயிருக்கும். எழுத்தாளர் எழுதினர், வாசகர் வாங்கினர்.

அதன் பின்னர் போரை எழுதினோம், இடப்பெயர்வை எழுதினோம், எழுதவேண்டியதே. ஆயினும் போருக்குப் பின் அதே மண்ணில் கோடிட்டு ஓடும் இருபது வயதினரின் நெஞ்சத்தை எழுதியோர் எத்தனை பேர்? இளமையை எழுத நாணும் இலக்கியம், இளைஞர் வேறிடம் சென்று வாசிப்பதைப் பழிக்கத் தகுதியற்றது.

ஆதலின் நண்பர்களே, விடுதி மாணவியின் தொலைபேசியைப் பறிப்பதை விடுங்கள். அவளிடம் ஒரு பேனாவைக் கொடுங்கள். மாலையில் மைதானத்தையும் திறந்து விடுங்கள். நக்கண்ணையார் சாய்ந்து நின்ற பனை எமது நிலத்திலும் நிற்கிறது. தான் கண்டதை அதன் அடியில் நின்று உரக்கச் சொல்லும் உரிமையே இன்று அவளுக்கு வேண்டும்.